நரி இல்லாத தீவு

‘இன்னிக்கு நரி முகத்துல முழிச்சியா?’ அதிர்ஷ்டம் அடித்தவரைப் பார்த்து நம்மூரில் இப்படிக் கேட்பது வழக்கம். ஜப்பானிலும் நரிக்குத் தனி மரியாதை உண்டு. இனாரி தெய்வத்தின் கோயில் வாசல்களில், கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய கல் நரிகள் காவலுக்கு உட்கார்ந்திருக்கும். அதே ஜப்பானின் வடகோடியில் உள்ள ரெபுன் தீவில் இன்று ஒரு நரிகூடக் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தன. அவை வந்த கதையும் போன கதையும் அவ்வளவு இனிமையானவை அல்ல.

ஹொக்கைடோவின் வடமுனைத் துறைமுகமான வக்கனாயிலிருந்து ரெபுனுக்குக் கப்பலில் சுமார் இரண்டு மணி நேரம். கஃபுகா துறையில் இறங்கித் திரும்பிப் பார்த்தால், கடலுக்கு அந்தப் பக்கம் 1,721 மீட்டர் உயரத்தில் ரிஷிரி மலை கூம்பாக நிற்கிறது. தீவில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். பிழைப்பு கடலை நம்பி: கடல் முள்ளெலி, மீன், பிறகு ‘கொம்பு’. பெயர்தான் கொம்பு, பொருள் கடற்பாசி!

இந்த ஊருக்கு ‘பூக்களின் மிதக்கும் தீவு’ என்று ஒரு செல்லப்பெயர். மற்ற இடங்களில் உயரமான மலைகளில் ஏறினால்தான் காணக்கூடிய பூக்கள், இங்குள்ள குளிரால் கடற்கரை ஓரத்திலேயே பூத்துக் கிடக்கின்றன. மே கடைசியிலும் ஜூனிலும் வந்தால், இந்தத் தீவுக்கே உரிய, வெண்ணெய் நிறத்தில் சின்னப் பை போலத் தொங்கும் ஆர்க்கிட் மலரைப் பார்க்கலாம்.

எலியைப் பிடிக்க வந்தவை

சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன், இதே சரிவுகளில் வயல் எலிகள் பெருகி இளமரங்களைக் கொறித்துத் தின்றன. எலியை ஒழிக்க நரி. நரித் தோலை விற்றால் காசு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். 1924 முதல் 1926 வரை, குரில் தீவுகளில் ஒன்றான ஷிமுஷிரிலிருந்து 12 ஜோடிச் செந்நரிகளைக் கொண்டுவந்து விட்டார்கள்.

நரிகளின் குடலில் இருந்த விருந்தாளியை யாரும் கவனிக்கவில்லை.

எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழு அது. நாடா என்றதும் முழக்கணக்கில் நினைக்க வேண்டாம். ஒரு எள்ளின் நீளம்தான். ஒரே நரியின் குடலில் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் நரிக்கு நோவு தெரிவதில்லை. புழுவின் முட்டைகள் நரியின் எச்சத்தோடு மண்ணில் விழும். புல்லோடு சேர்த்து அதை எலி தின்னும். எலியின் கல்லீரலில் குஞ்சுப்புழுக்கள் பெருகும். அந்த எலியை நரி தின்றால், சுற்று முழுமையாகும்.

இந்தச் சுற்றில் மனிதனுக்கு வேலையே இல்லை. ஆனால் ஓடைத் தண்ணீர் வழியாகவோ, கழுவாத கீரை வழியாகவோ, கை வழியாகவோ முட்டை வயிற்றுக்குள் போய்விட்டால், எலிக்கு நடப்பதே மனிதனுக்கும் நடக்கும். கல்லீரலில் புற்றுநோய் போல மெல்ல மெல்லப் பரவும். வலி, மஞ்சள் காமாலை என்று வெளியே தெரிய பத்து ஆண்டுகளுக்கு மேல்கூட ஆகலாம். அப்படியே விட்டால் உயிருக்கே ஆபத்து.

ரெபுனின் முதல் நோயாளி பற்றிய செய்தி 1937-ல் வெளியானது. நரிகள் வந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அதன் பிறகு ஒருவர் பின் ஒருவராக, 130-க்கும் மேற்பட்டவர்கள். தீவை விட்டு வேறு ஊரில் குடியேறியவர்களையும் நோய் தொடர்ந்தது. எலி தின்னும் நாயும் இந்தப் புழுவைச் சுமக்கும் என்பதால், 1950-களில் நரிகளோடு நாய்களையும் சேர்த்தே ஒழித்தார்கள். புழுவின் சுற்று அறுந்தது. எலிகள் மட்டும் மிச்சம்.

தானாக வந்தவை அல்ல அந்த நரிகள். அழைத்து வந்தவர்கள் போட்ட கணக்கின் விலையைத் தீவு மக்களும், நரிகளும், வீட்டு நாய்களும் கொடுத்தார்கள்.

பெரிய தீவின் கவலை

ரெபுனில் முடிந்த கதை, ஹொக்கைடோவில் முடியவில்லை. 1960-களில் கிழக்கே நெமுரோ பகுதியில் நோயாளிகள் தென்பட்டார்கள். குளிர்காலத்தில் கடலில் மிதந்து வரும் பனிப்பாளங்கள் மேல் ஏறி, குரில் தீவு நரிகள் வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. பிறகு புழு ஹொக்கைடோ முழுக்கப் பரவியது. இன்றும் ஆண்டுக்குச் சுமார் 20 பேருக்குப் புதிதாக இந்த நோய் கண்டுபிடிக்கப்படுகிறது.

ஷிரெட்டொகோ பக்கம் காரில் போனால், சாலை நடுவிலேயே நரி வந்து நிற்கும். பஞ்சு வால், கூர்க்காது, ‘ஏதாவது கொடேன்’ என்ற பார்வை. யாரோ என்றோ வீசிய பிஸ்கட் பழக்கிவிட்ட பழக்கம் அது. கார்க் கண்ணாடி இறங்குவதும், கை நீளுவதும் ஒரு நொடி வேலை. அதனால்தான் ‘நரிக்கு உணவு கொடுக்காதீர்கள்’, ‘ஓடை நீரைக் குடிக்காதீர்கள்’ என்று ஊருக்கு ஊர் எச்சரிக்கிறார்கள். தெளிந்த ஓடை தாகத்தைக் கிளப்பும்; கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது. காட்டுப் பழம், கீரையை நன்றாகக் கழுவ வேண்டும். வீட்டு ஃப்ரீசரில் வைத்தால் முட்டை சாகாது. கொதிக்கும் சூட்டில் செத்துவிடும். வெளியே போய்வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவினால் பாதிக் கவலை தீரும்.

மீன் வாசனையில் மருந்து

இவ்வளவு பெரிய நிலத்தில் நரிகளை எல்லாம் ஒழிப்பது நடக்காத காரியம். ஆகவே ஓகோட்ஸ்க் கடலோரக் கொஷிமிசு ஊரில், 1990-களின் கடைசியில் ஆய்வாளர்கள் வேறு வழியைப் பரீட்சித்தார்கள்: நரியைக் கொல்லாமல் புழுவை மட்டும் கொல்வது. மீன்தூளில் பூச்சி மருந்தைக் கலந்து உருண்டை பிடித்து, நரிகள் நடமாடும் இடங்களில் வைத்தார்கள். புழு சுமக்கும் நரிகள் குறைந்தன. அந்த வழியைப் பிறகு வேறு ஊர்களும் எடுத்துக்கொண்டன.

அதில் கலந்த மருந்து பிராசிகுவான்டெல். நம்மூரில் வளர்ப்பு நாய்களுக்குக் கொடுக்கும் பூச்சி மாத்திரைகள் பலவற்றிலும் இதுதான் இருக்கிறது. மாத்திரையை மறந்துவிடுபவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்: இந்தப் புழுவின் நெருங்கிய உறவினர் ஒருவர் இந்தியாவிலும் உண்டு. நாய்க்கும் ஆட்டுக்கும் இடையே சுற்றி, மனிதருக்குக் கல்லீரலில் நீர்க்கட்டி உண்டாக்கும் புழு அது. வெட்டிய ஆட்டின் ஈரல், நுரையீரலைப் பச்சையாக நாய்க்குப் போடக் கூடாது என்பது அதனால்தான்.

மருந்து உருண்டையிலும் ஒரு சிக்கல். இன்று புழு செத்தாலும், நாளை இன்னொரு எலியைத் தின்றால் நரிக்கு மறுபடி புழு வரும். ஒரு முறை வைத்துவிட்டு ஓய முடியாது. வருஷா வருஷம் வைக்க வேண்டும். ரெபுன் ஒரேயடியாகக் கொன்று முடித்ததை, இங்கே பொறுமையாகச் செய்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பதிலுக்கு நரி உயிரோடு இருக்கிறது.

மாலைக் கப்பல் கஃபுகாவை விட்டுக் கிளம்புகிறது. பூச்சரிவுகள் மங்கி மறைகின்றன. வக்கனாயில் இறங்கிக் காரில் ஏறினால், வழியில் எங்காவது ஒரு நரி எட்டிப் பார்க்கக்கூடும். அதன் முகத்தில் விழிப்பது அதிர்ஷ்டமாகவே இருக்கட்டும். கார்க் கண்ணாடி மட்டும் ஏறியே இருக்கட்டும்.