82 வயது விரல்கள்



தூக்கம் வராத இரவுகளில் யூடியூபில் பியானோ கேட்கிறேன் என்றால் பேத்தி சிரிக்கிறாள். அடிக்கடி பார்ப்பது, விளாடிமிர் ஹொரோவிட்ஸ் 1986 ஏப்ரலில் மாஸ்கோவில் வாசித்த கச்சேரி. 1925-இல் சோவியத் நாட்டை விட்டுப் போனவர், 61 வருடம் கழித்துத் திரும்பி வந்து வாசிக்கிறார். வயது 82!

விரல்களை வளைக்காமல் தட்டையாக நீட்டியே வாசிப்பார். பியானோ டீச்சர் யாராவது பார்த்தால் அதட்டுவார். ஆனால் ஸ்க்ரியாபினின் எட்யூட் அந்தக் கைகளில் இடியாக முழங்குகிறது. கைதட்டல் ஓயவில்லை.

பின்னர், ஷூமன் 1838-இல் எழுதிய 'ட்ராய்மெராய்'. கனவு காணுதல் என்று பொருள். மூன்று நிமிடம் போல வரும், மெதுவான சின்ன இசை. பியானோ கற்கும் பிள்ளைகள்கூட வாசிப்பார்கள். அதைக் கேட்கும்போதுதான் அரங்கில் ஒருவர் கன்னத்தில் கண்ணீர் வழிகிறது.

வேகம் பயிற்சியில் வந்துவிடும். எளிய ஒன்றை இப்படி வாசிக்க ஒரு ஆயுள் தேவைப்படுகிறது. ஓய்வு பெற்றதும் "இனி நம்மால் யாருக்கு என்ன பயன்" என்று எனக்குத் தோன்றியதுண்டு. இந்தப் பெரியவரைக் கேட்க ஆரம்பித்த பிறகு அந்த எண்ணம் குறைந்திருக்கிறது.

உங்களில் பலருக்கே இப்போது பென்ஷன் வயது. ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுங்கள்.