எனக் கருதப்படும்

யாழ்ப்பாணத்துச் சாவீடுகளில் முதலிற் கேட்கப்படும் கேள்வி மாறிவிட்டது. முன்னர் அயலவர் வந்து, "எப்ப எடுக்கிறது?" என்று கேட்பர். இன்றோ, "பிள்ளையள் எப்ப வருகினம்?" என்பதே கேள்வி. உடலைப் பதப்படுத்தி, கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ விமானம் வந்து சேருமட்டும் இரண்டு நாள், மூன்று நாள், சிலவேளை ஒரு வாரமும் வைத்திருத்தல் வழக்கமாகிவிட்டது. சாவின் கால அட்டவணை விமானத்தின் கால அட்டவணைக்கு அமைந்துபோயிற்று எனலாம்.

2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், வலிகாமத்து ஊரொன்றில் ஒரு தாய் இறந்தபொழுதும் இக்கேள்வியே எழுந்தது. ஆண்பிள்ளைகள் இருவர். மூத்தவர் ஊரிலேயே ஆசிரியர். இளையவன் ஜேர்மனியின் ரூர்ப் பிரதேசத்து நகரொன்றிற் படித்து முடித்து, வேலையும் ஒன்று கிடைக்கப்பெற்று இருந்தான். தந்தைக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைத்தல் முறையாதலின், அவன் வரவு வெறும் வரவன்று. ஊரில் அதிகாலை மூன்று மணி. அங்கே முன்னிரவு ஒன்பதரை மணி கழிந்து மேலும் ஒரு மணி. அண்ணன் அழுது முடித்த பின்னர் கேட்டது ஒன்றுதான்:

"தம்பி, எத்தனை நாளைக்கு வைச்சிருக்கிறது?"

அதற்கு மறுமொழி கூற அவனால் இயலவில்லை. பணம் தடையன்று, கடன் தர நண்பர் இருந்தனர். கடவுச்சீட்டும் காலாவதியாகவில்லை. ஆனால் அவனது மாணவர் வதிவிட அனுமதி அட்டையின் காலம் ஒக்டோபர் இறுதியோடு முடிந்திருந்தது. வேலைக்கான புதிய அனுமதிக்குச் செப்டெம்பரிலேயே விண்ணப்பித்திருந்தான். விண்ணப்பம் கிடைத்தது என்ற மின்னஞ்சல் ஒன்றே கையிலிருந்தது. புதிய அட்டை வந்தபாடில்லை.

அந்த அட்டையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 2011ஆம் ஆண்டு செப்டெம்பர் 1ஆம் திகதிக்கு முன்னர் ஜேர்மனியில் வதிவிட அனுமதி என்பது கடவுச்சீட்டின் பக்கத்தில் ஒட்டப்படும் ஓர் ஒட்டுத்தாளாகவே பெரும்பாலும் இருந்தது. அத்திகதி முதல் அது இலத்திரனியற் சில்லு பதித்த அட்டையாயிற்று. இரண்டு விரல்களின் அடையாளமும் முகப்படமும் அச்சில்லிலே சேமிக்கப்படுகின்றன. ஊர்ப் பணிமனை விண்ணப்பத்தை ஏற்றபின் அட்டை பேர்லினிலுள்ள அரச அச்சகத்தில் உருவாகித் திரும்ப வேண்டும். அதற்கே வாரங்கள் பல செல்லும். அதற்கு முன்னர் விண்ணப்பம் ஓர் உத்தியோகத்தரின் கைக்கு எட்டுதற்குச் செல்லும் காலத்துக்கோ கணக்கில்லை.

இவ்விடைவெளியைச் சட்டம் அறியாததன்று. 2005ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த வதிவிடச் சட்டத்தின் 81ஆம் பிரிவு இதற்கென்றே உள்ளது. பழைய அனுமதி முடியுமுன்னரே புதியதற்கு விண்ணப்பித்தவனுக்கு, முடிவு கூறப்படும் வரை, பழைய அனுமதி தொடர்ந்து நிலவுவதாகக் கருதப்படும் என்று அதன் நாலாவது உட்பிரிவு கூறுகின்றது. இதற்குச் சான்றாக வழங்கப்படும் தாளுக்கு ஜேர்மன் மொழியிற் 'பிக்சியோன்ஸ்பெசைனிகுங்' என்று பெயர். 'புனைவுச் சான்று' எனத் தமிழாக்கலாம். இல்லாத ஒன்றை இருப்பதாகக் கொள்ளும் சட்டப் புனைவுக்கு அரசாங்கமே முத்திரை குத்தித் தருகின்ற சான்று. இலக்கியம் படிப்போர் புனைவு என்ற சொல்லை இத்தகைய இடத்தில் எதிர்பார்ப்பதில்லை.

அத்தாளில் மூன்று சிறு கட்டங்கள் உள. முதலாவதிற் புள்ளடி இடப்பட்டால், தங்குதல் அனுமதிக்கப்பட்டதாகக் கருதப்படும். ஆயின் நாட்டை விட்டு வெளியேறினால் அத்தாளைக் கொண்டு மீள நுழைய முடியாது. இரண்டாவது, காலம் பிந்தி விண்ணப்பித்தோர் சிலருக்குரியது. நாடுகடத்தல் நிறுத்தி வைக்கப்பட்டதாகக் கருதப்படும் என்பதோடு அது நின்றுவிடும். மூன்றாவது கட்டமே பழைய அனுமதி தொடர்வதாகக் கூறுவது. அதிற் புள்ளடி உடையவன், கடவுச்சீட்டையும் காலம் முடிந்த அட்டையையும் சேர்த்துக் காட்டி, போய்த் திரும்பலாம். ஒருவன் தாயின் சாவுக்குப் போகலாமா என்பது ஒரு புள்ளடி எந்தக் கட்டத்தில் விழுகின்றது என்பதில் தங்கியிருக்கின்றது.

மூன்றாவது கட்டம் தனக்குரியதென்பதை அவன் அன்றிரவே வாசித்து அறிந்துகொண்டான். உரிமை இருந்தது, தாள்தான் இல்லை. மறுநாட் காலை பணிமனை வாயிலில் நின்றான். முன்பதிவு இன்றி உள்ளே விட முடியாதென்றார் காவலர். அடுத்த முன்பதிவு ஆறு வாரம் கழித்தே இருந்தது. மின்னஞ்சல் அனுப்பினான், இறப்புச் சான்றிதழை மொழிபெயர்ப்புடன் அனுப்புமாறு இரண்டாம் நாள் பதில் வந்தது. பதில் எழுதியவர் கடுமையாக எழுதவில்லை. இரங்கலும் தெரிவித்திருந்தார். சட்டமும் கொடியதன்று, மனிதரும் கொடியரல்லர். கோபங்கொள்ள ஒருவருமில்லாமை அவனுக்குப் பெருந்துன்பமாயிற்று.

அன்று மாலை, ஹம் நகரில் வசிக்கும் தூரத்துறவான சித்தப்பா ஒருவர் சோறும் கறியும் கொண்டு வந்தார். 1984இல் வந்தவர். அக்காலத்தில் வந்த பலரைப் போலவே கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி, புகையிரதத்தில் மேற்குக்குக் கடந்தவர். அகதியாக ஏற்கப்பட்டோருக்குரிய நீலநிறப் பிரயாண ஆவணத்தைப் பல ஆண்டுகள் வைத்திருந்தார். எந்த நாட்டுக்கும் போகலாம், பிறந்த நாட்டுக்கு மட்டும் போகலாகாது என்பதே அதன் இயல்பு.

"அப்பர் செத்ததுக்கு எனக்குக் கடிதம் வரேக்கை அந்தியேட்டியும் முடிஞ்சுது," என்றார் அவர். "போறதோ விடுறதோ எண்டு யோசிக்கவே இடமிருக்கேல்லை. உனக்கு யோசிக்க வேண்டிக் கிடக்கு, தம்பி."

மூன்றாம் நாட் காலை அவன் அண்ணனை அழைத்தான். "அண்ணை, இனி வைச்சிருக்க வேண்டாம். எடுங்கோ. கொள்ளியை நீங்களே வையுங்கோ." அண்ணன் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "சரி ராசா," என்று மட்டும் கூறினார். மயானம் வரையிலான யாவற்றையும் மருமகன் ஒருவன் கைத்தொலைபேசியிற் காட்டினான். கொள்ளி வைக்கும் தறுவாயிற் படம் அசையாது நின்றுவிட்டது. மீண்டபொழுது அனைவரும் திரும்பி நடந்துகொண்டிருந்தனர்.

பதினோராம் நாள் தாள் கிடைத்தது. கட்டணம் 13 யூரோ. உத்தியோகத்தர் மூன்றாவது கட்டத்திற் புள்ளடி இட்டார். பத்து நிமிடத்தில் அலுவல் முடிந்தது. எட்டுச்செலவும் அதற்கு முன்னரே முடிந்துவிட்டிருந்தது. இரண்டு நாளில் விமானமேறி அவன் வீடு வந்து சேர்ந்தான். தாயின் சாய்மனைக் கதிரையை எவரும் இடம் மாற்றியிருக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி நடந்தது. கொள்ளி வைத்தவரே கருமஞ் செய்ய வேண்டுமாதலால் அண்ணன் தருப்பை அணிந்து முன்னே இருந்தார். இளையவன் பின்னே நின்றான். ஐயர் ஒருமுறை திரும்பி, "இளையவர் எப்ப வந்தவர்?" என்று வினவினார். அண்ணனே பதிலிறுத்தார்: "அவர் வந்தவர்தான், ஐயா. கொஞ்சம் பிந்திப்போச்சு." கடலோரம் வரை தம்பியின் கையை அவர் விடவில்லை.

திரும்பும் பயணத்தில், கட்டுநாயக்காவில் விமானக் கம்பனியின் கருமபீடத்தில் இருந்த பெண், அட்டையின் திகதியைப் பார்த்து, "இது முடிஞ்சுதே" என்றாள். அவன் தாளை நீட்டினான். முற்றிலும் ஜேர்மன் மொழியில் மடிக்கப்பட்ட அத்தாளை அவள் இரு புறமும் திருப்பினாள். அவளையும் குறைகூற இயலாது. உரிய ஆவணமற்ற ஒருவரை ஏற்றிச் செல்லும் கம்பனிமீது, ஜேர்மன் சட்டப்படி, ஆளொருவருக்கு 1000 முதல் 5000 யூரோ வரை தண்டப்பணம் விதிக்கலாம். ஆகவே எல்லைக் காவலரின் வேலை பெரும்பாலும் புறப்படும் நாட்டிலேயே, கருமபீடப் பணியாளரின் தலையில் விழுந்துவிடுகின்றது. மேலாளர் வந்தார், எங்கெங்கோ தொலைபேசியிற் பேசினார். வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. நாற்பது நிமிடம் அவன் ஒரு பக்கமாக நிறுத்தப்பட்டிருந்தான். தாய்நாட்டை விட்டுப் போவதற்கு, இன்னொரு நாட்டில் இருப்பதாகக் கருதப்படுவதை நிறுவ வேண்டியிருந்தது.

ஜேர்மன் விமான நிலையத்திலோ, எல்லைக் காவலர் தாளை விரித்தார், மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்தார், முத்திரை குத்தினார். அரை நிமிடமும் ஆகவில்லை.

2024 ஜனவரியில் அட்டை வந்திருப்பதாகக் கடிதம் கிடைத்தது. பணிமனைக்குச் சென்று ஒப்பமிட்டுப் பெற்றுக்கொண்டான். புறப்பட எழுந்தபொழுது, பழைய தாளைத் திருப்பித் தருமாறு உத்தியோகத்தர் கேட்டார். அதனைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று அவன் வினவினான். இனி அது செல்லாதென்று விளக்கி, அவர் அதனை வாங்கிக் கோவைக்குள் வைத்தார்.