கோடும் கணக்கும்

வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார் என்று நம்மவர் சொல்லி வந்ததில் அனுபவம் பேசுகின்றது. ஆயினும் கட்டுவதையே தொழிலாக மேற்கொள்வோரைப் பற்றி நம்மிடையே தெளிவான எண்ணம் இல்லை. யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் மேசன் தொழிலால் எம்மை வளர்த்த என் தந்தையாருக்குப் ‘படம் கீறுபவர்’, ‘எஞ்சினியர்’ என்னும் இரு சொற்களும் ஒருவரையே குறித்தன. வீட்டின் முற்றத்தை அளப்பவரும் சுவரை எழுப்புபவரும் தாமே ஆனமையால் அவர் அவ்வாறு எண்ணியதில் வியப்பில்லை.

உயர்தரத்திற் கணிதப் பிரிவிற் சித்தியெய்திய என் தங்கை, பல்கலைக்கழக விண்ணப்பத்தில் இவ்விரண்டில் எதனை முதலில் இடுவது என்று கலைப்பீடத்தில் தமிழ் பயிலும் என்னை வினவியபோதே, இவ்வேறுபாட்டை நான் ஆராயத் தொடங்கினேன்.

மனிதர் ஓரிடத்தில் எவ்வாறு நடமாடுவர், எங்கே இளைப்பாறுவர், வெளிச்சம் எப்பக்கத்தால் வரும் என்னும் வினாக்களிலிருந்து கட்டடக்கலைஞர் தொடங்குகின்றார். பாரம் எவ்வழியே தூணைக் கடந்து அத்திவாரத்தையும் மண்ணையும் அடையும், காற்றும் நீரும் மின்சாரமும் எவ்வாறு உள்ளே ஓடும் என்னும் வினாக்களிலிருந்து கட்டடப் பொறியியலாளர் தொடங்குகின்றார். அமெரிக்காவிற் சில பல்கலைக்கழகங்கள் இதனைக் கட்டடக்கலைப் பொறியியல் எனத் தனிப் பட்டமாகவே கற்பிக்கின்றன. நம் நாட்டிற் குடிசார் பொறியியல் முதலிய துறைகளைக் கற்றோர் இப்பணியை ஆற்றுகின்றனர். மொறட்டுவையிற் பொறியியற் பட்டத்திற்கு நான்கு ஆண்டுகள். கட்டடக்கலைப் பட்டத்திற்கு ஐந்து. பொறியியலாளருக்கு வீதி, நீர்ப்பாசனம், பாலம் எனப் பல வாயில்கள் திறந்துள்ளன. கட்டடக்கலைஞரோ கட்டுவிப்போரின் நம்பிக்கையைச் சிறிது சிறிதாகவே ஈட்ட வேண்டியவர். தந்தையார் எதனை விரும்பினார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

எனினும், ஒருவர் கனவு காண்பவர், மற்றவர் கணக்குப் பார்ப்பவர் என்று பிரிப்பது பொருந்தாது. 1919 இற் பிறந்த ஜெப்ரி பாவா, கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் பயின்று, சட்டத்தரணியாகி, அதன் பின்னர் 1957 இலேயே கட்டடக்கலைஞரானார். அவருடைய கற்பனைகள் மண்ணில் நிலைபெறப் பல்லாண்டுகள் பங்காளராக உடனுழைத்தவர் பூலோகசுந்தரம் என்னும் தமிழ்ப் பொறியியலாளர். 1970களின் பிற்பகுதியிற் கொழும்பில் எழுந்த அரச ஈட்டு வங்கி மாடிக் கட்டடம், காற்றும் வெளிச்சமும் இயல்பாகவே புகுமாறு அமைந்தது. மறுபுறம், டாக்காவிற் பிறந்த பஸ்லுர் ரஹ்மான் கான் என்னும் பொறியியலாளரின் கணக்கே சிகாகோ நகரின் 110 மாடிச் சியர்ஸ் கோபுரத்திற்கு உருவம் அளித்தது. ஒன்பது குழாய்களை ஒன்றாகக் கட்டியது போன்ற அவ்வமைப்பு, காற்றின் விசையைத் தாங்குவதற்கென எழுந்த சிந்தனையாகும். கோட்டினுள் கணக்கும் கணக்கினுள் கோடும் மறைந்துள்ளன என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆகவே, வருமானத்தையும் புள்ளிகளையும் ஒதுக்கிவைத்து, எந்த வினா உன்னை உறங்கவிடாது செய்கின்றதோ அதன் வழியே செல் என்றேன். நான் உள்ளூர விரும்பியது கட்டடக்கலையையே. அவளோ, “பாரம் எங்கே போய்ச் சேருது எண்டுதான் எனக்கு அறிய வேணும்” என்று கூறிப் பொறியியலை முதலில் இட்டாள். தந்தையாரின் விருப்பமும் அதுவே எனினும், காரணம் அவளுடையது.

அவளிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றே. 2009 இற் போர் முடிந்த பின்னர் வடக்கில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்தன. மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சிக் கிடந்தோருக்கு அவை பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆச்சி சாய்ந்திருக்கத் திண்ணையும், பிள்ளைகள் விளையாட முற்றமும் இல்லாத வீடுகள் அவற்றுட் பல. சுவர் நிற்பதும் மனிதர் வாழ்வதும் வேறு வேறு கேள்விகளாயினும் ஒரே கூரையின் கீழேயே விடை காணவேண்டியவை. தூணைக் கணிக்கும் கை திண்ணையையும் நினைக்குமாயின், எத்துறையிற் பட்டம் பெற்றாலும் அது நம் மக்களுக்குப் பயன்படும்.