இழை தேடும் விரல்கள்

தறி ஓடிக்கொண்டிருக்கிறது. குழிக்குள் மகன் மிதிக்கும்போதெல்லாம் பக்கத்தில் கிடக்கும் கட்டில் லேசாக அதிர்கிறது. உள்ளறையில் காற்று வரவில்லை என்று சொல்லித்தான் பெரியவர் கட்டிலை இங்கே போடச் சொன்னார். காற்றுக்காக இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மகன் தறியில் கோர்வைப் புடவை போட்டிருக்கிறான். மருமகள் மறுபக்கம் நின்று கரை நாடாவைத் தள்ளுகிறாள்.

காரப்பேட்டை புற்றுநோய் மருத்துவமனையில் கொடுத்த மாத்திரை சன்னல் மேடையில் இருக்கிறது. வலி அடங்கியிருக்கிறது. கஞ்சி மட்டும் நேற்றிலிருந்து இறங்கவில்லை. "கொஞ்ச நேரம் கூட இருங்க" என்று அவர் வீட்டம்மா காலையில் கூப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரன் நான். நிலைப்படி ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று மணிக்குச் சபை ஆயர் வருகிறார். செருப்பைக் கழற்றிவிட்டு, கையிலிருக்கும் சிறிய பெட்டியைத் தறியோரம் வைக்கிறார். பெரியவரின் மகன் வயதுதான் இருக்கும். ஆனாலும் பெரியவர் அவரை 'ஐயா' என்கிறார். அவர் பெரியவரை 'அப்பா' என்கிறார்.

செங்கல்பட்டிலிருந்து வந்திருக்கும் கொழுந்தியாளுக்கு முகம் மாறுகிறது. கத்தோலிக்க வீட்டில் வாழ்க்கைப்பட்டவர் அவர். சாமியார் எண்ணெயோடு படியேறினால் ஆள் தேறாது என்று மாமியார் சொல்லக் கேட்டவர். அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. அந்த எண்ணெய் பூசுதலுக்கு 'அவஸ்தைபூசுதல்' என்றே பெயர். உயிர் பிரியும் நேரத்துக்கென்று நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1960களில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான், நோயாலும் முதுமையாலும் நலிந்தவர்களுக்கு உரியதென்று அது 'நோயில் பூசுதல்' ஆயிற்று. வீடுகளில் பழைய பயம் இன்னும் போகவில்லை.

இந்த ஆயர் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர். எண்ணெய் கொண்டுவரவில்லை. தரையில் உட்கார்கிறார். அவர் முகம் பெரியவர் முகத்தின் மட்டத்துக்கு வருகிறது. வேதாகமத்தைத் திறக்கவில்லை. எனக்கு நெஞ்சு இளகுகிறது. போன வாரம் சிலர் வந்து, அரை மணி நேரம் உரக்க ஜெபித்து, விசுவாசம் இருந்தால் எழுந்து நடப்பீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிரவு அவர் கண்ணை மூடவேயில்லை. சாகக் கிடப்பவர் தலையில் விசுவாசக் குறைவு என்ற பழியையும் ஏற்றிவைப்பது கொடுமை.

"கணக்கு முடியலீங்க ஐயா."

இந்த ஊரில் அந்தச் சொல்லுக்குக் கனம் அதிகம். முக்தி தரும் ஏழு நகரங்களில் தெற்கே இருப்பது காஞ்சி ஒன்றுதான். நெல்லுக்காரத் தெருவில், பாவ புண்ணியக் கணக்கு எழுதும் சித்திரகுப்தருக்கே கோயில் இருக்கிறது. கையில் எழுத்தாணியும் ஏடுமாக உட்கார்ந்திருக்கிறார். பெரியவர் கிறிஸ்தவ வீட்டில் பிறந்து ஞானஸ்நானம் பெற்றவர், ஆண்டர்சன் பள்ளியில் படித்தவர். ஆனால் வாழ்நாளெல்லாம் அந்தத் தெரு வழியாகப் போய் வந்தவர்.

சிலுவையில் எல்லாக் கணக்கும் தீர்ந்தது என்று ஆயர் ஒரே வரியில் முடித்திருக்கலாம். அவர் மனதார நம்புவதும் அதைத்தான். ஆனால் சொல்லவில்லை.

"என்ன கணக்குப்பா?"

முதலாளியிடம் வாங்கிய முன்பணம் முதலில் வருகிறது. பிறகு மூச்சு வாங்குகிறது. ஆயர் காத்திருக்கிறார். பிறகு ஆரணியில் இருக்கும் தம்பி. அப்பா விட்டுப்போன இரண்டு தறியில் ஒன்று தம்பியுடையது.

"நான் குடுக்கல. அவன் கேக்கவும் இல்ல. அவன் பொண்ணு கல்யாணத்துக்கும் நான் போவல."

தறி எப்போது நின்றது என்று தெரியவில்லை. மகன் குழியிலேயே உட்கார்ந்திருக்கிறான். மருமகள் கையில் நாடா அப்படியே இருக்கிறது.

லண்டனில் 1967இல், சாகக் கிடப்பவர்களுக்கென்று புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தவர் சிசிலி சாண்டர்ஸ். செவிலியாக இருந்து மருத்துவரானவர். சாகிறவரின் உடம்பு வலி, மனவலி, வீட்டுக் கவலை, ஆன்ம வேதனை எல்லாம் சேர்ந்தது ஒரே முழு வலி என்றார். கெத்செமனே தோட்டத்தில் இயேசு சீடர்களிடம் கேட்டதுதான் சாண்டர்ஸின் பணிக்கு அஸ்திவாரம். தம்மோடு விழித்திருக்கும்படி இயேசு கேட்டார். வேதனையை விளக்கச் சொல்லவில்லை, போக்கச் சொல்லவில்லை. காரப்பேட்டை மாத்திரை பெரியவரின் ஒரு வலியைத் தணித்திருக்கிறது. மற்றது இப்போதுதான் வெளியே வருகிறது.

இந்த ஊர்த் திருச்சபைக்கு இப்படி உட்கார்ந்து கேட்பது புதிதல்ல. பின்னாளில் சென்னைப் பேராயரான லெஸ்லி நியூபிகின், 1940களில் இங்கே ஊழியம் செய்தபோது, ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு வாரந்தோறும் அமர்ந்து, ஒருமுறை உபநிடதமும் மறுமுறை யோவான் நற்செய்தியுமாகப் படித்தவர்.

"ஆண்டவர் கேட்டுட்டாருப்பா. தம்பிகிட்டயும் சொல்லணும்னு இருக்கா?"

பெரியவர் கண்ணை மூடுகிறார். ஓரத்தில் வழிந்த நீர் காதுக்குள் இறங்குகிறது. மகன் குழியிலிருந்து ஏறி, செல்போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போகிறான்.

ஆயர் பெட்டியைத் திறக்கிறார். விரல் உயரக் கிண்ணம், சிறிய தட்டு, மடித்த வெள்ளைத் துணி. அப்பத்தின் ஒரு துணுக்கைத் திராட்சை ரசத்தில் நனைத்து நாக்கில் வைக்கிறார். விழுங்க வெகுநேரம் ஆகிறது. வீட்டம்மா அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அது அசைந்ததும் தானும் எச்சில் விழுங்குகிறார். 23ஆம் சங்கீதத்தை ஆயர் தாழ்ந்த குரலில் சொல்ல, பெரியவரின் உதடும் கூடவே அசைகிறது.

வெயில் இறங்கிவிட்டது. ஆயர் எழுந்திருக்கவில்லை. பெரியவரின் விரல்கள் போர்வை ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி எடுக்கின்றன. "எதையோ தேடுறாரே" என்று கொழுந்தியாள் பதறுகிறார். ஆயர் அந்தக் கையைப் பிடிக்கப் போகிறார். அதற்குள் திரும்பி வந்த மகன் ஒரு நொடி நின்று பார்க்கிறான்.

"பாவு பிணைக்கிறாரு."

பழைய பாவின் முனையோடு புதுப் பாவை இழை இழையாகச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்குகிற வேலை. ஆயிரக்கணக்கான இழை. தறிக்கடியில் கிடந்த பட்டு நூலில் நாலைந்து இழையைப் பிரித்து அப்பாவின் விரலிடுக்கில் வைக்கிறான். ஒரு கொட்டாங்கச்சியிலிருந்து சாம்பலும் எடுக்கிறான். எங்கே வைப்பதென்று பார்க்கிறான். ஆயர் தன் உள்ளங்கையை நீட்டுகிறார்.

ஆரணி பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று மருமகள் மெதுவாகக் கேட்கிறாள். பெரியவர் ஆயரின் உள்ளங்கையில் விரலைத் தொட்டுக்கொண்டு அடுத்த இழையை எடுக்கிறார்.