60 வாட் கனவு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் பவர் சப்ளை வெறும் 300 வாட். அதற்குத் தோதான கிராபிக்ஸ் கார்டு தேடி, செகந்திராபாத் செனாய் டிரேட் சென்டரில் நானும் மகனும் ஏறி இறங்காத கடையில்லை. நல்ல கார்டு என்றால் பவர் சப்ளையையும் மாற்றவேண்டும். என் சம்பளம் தாங்காது. தனி வயர் இல்லாமல், 60 வாட்டிலேயே ஓடும் என்விடியா கார்டு வரப்போகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து பையன் நாள் எண்ணிக்கொண்டிருந்தான்.

2014 பிப்ரவரி 18. மக்களவையில் தெலங்கானா மசோதா. நேரடி ஒளிபரப்பு நின்றுபோய், டிவி முன்னால் தவித்துக்கொண்டிருந்தேன்.

"வந்துடுச்சுப்பா!"

"தெலங்கானாவா?"

"ஜிடிஎக்ஸ் 750 டிஐ! அமெரிக்காவுல 149 டாலர்தான்!"

மசோதாவும் அன்றே நிறைவேறியது. மார்ச்சில் அவனுக்கு இண்டர் பரீட்சை. ஏப்ரலில் வாங்கலாம் என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.