மண்ணே கிட்டங்கி

மரச்சீனி மண்ணுக்குள் கிடக்கிறவரை பொறுமையான பண்டம். பிடுங்கிப் போட்டால் இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கருப்புக் கோடுகள் ஓடிவிடும். வாங்க வருகிறவர் ஒடித்துப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். அதனால்தான் விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் பத்து சென்ட்காரர் விளையை ஒரே நாளில் காலி செய்ய விரும்புவதில்லை. இன்றைக்குச் சந்தைக்கு இருபது மூடு, வீட்டுக்கு ஒரு மூடு. மிச்சத்துக்கு மண்ணே கிட்டங்கி.

திருவிதாங்கூரில் இந்தக் கிழங்கைப் பரப்பியதில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது, அந்த சமஸ்தானத்தில் இருந்த நம் ஊர்களிலும் எத்தனையோ வீடுகளில் இதை நம்பித்தான் உலை வைத்தார்கள். பஞ்சம் தாங்கிய பயிர். ஆனாலும் அதை எடுக்க மண்வெட்டி, கம்பிப்பாரை, ஆளின் இடுப்பு என்ற மூன்றுதான் நெடுங்காலம்.

பவர் டில்லர் இங்கே வந்தது நெல்லுக்காக. ஜப்பானியச் சேற்று வயலுக்கென்று உருவான வண்டி அது. கேரளத்தின் அத்தாணியில் 1973-ல் தொடங்கிய காம்கோ நிறுவனம் அதை நம் பக்கத்திலேயே செய்து தந்தது. கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் தொழியடித்த டில்லர்களுக்கு, வயல்கள் வாழையாகவும் தென்னையாகவும் வீட்டுமனையாகவும் மாற மாற, வேலை குறைந்தது. எங்கள் பக்கத்து அண்ணாச்சி அப்படி ஒதுங்கிக் கிடந்த ஒன்றைத் தட்டி எழுப்பினார். சுழல்கத்தியைக் கழற்றிவிட்டு, பட்டறையில் அடித்த வளைந்த கொழு ஒன்றைப் பின்னால் மாட்டினார். கொழு அடியில் போய் மண்ணை இளக்கும்; பின்னால் வருகிற ஆள் கிழங்கைத் தூக்க வேண்டியதுதான்.

வண்டி நன்றாகவே ஓடியது. சிக்கல் வேறு இடத்தில். நம்மூரில் மரச்சீனி நடுவது மண்ணைக் குவித்து, குவியலுக்கு ஒரு கம்பு. கொழுவுக்கோ நேர்கோடு வேண்டும். பத்தடி ஓடினால் கையாலை வந்துவிடும், திருப்ப இடமில்லை. அயர்லாந்தில் 1855-லேயே உருளைக்கிழங்கு தோண்ட இயந்திரம் செய்துவிட்டார்கள். ஆனால் உருளை பாத்தி வரிசையில், மேலாகக் கிடப்பது. மரச்சீனி நாலு திசையிலும் ஓடும், ஒரு அடி ஆழத்துக்கும் போகும். கொழு பட்ட இடமெல்லாம் ஒடிந்தது. ஒடிந்த கிழங்கு இன்னும் சீக்கிரம் நீலம் பாயும்.

வரப்பில் நின்ற பாட்டா ஒருவர் கேட்டார்: "லே மக்கா, இம்புட்டையும் இன்னைக்கே தோண்டிப் போட்டா, நாளைக்கு யாருல திங்கியது?"

அவர் கேள்விதான் கணக்கே. மூன்றடிக்கு மூன்றடி நட்டால் சென்ட்டுக்கு ஏறக்குறைய 50 மூடு. பத்து சென்ட்டில் 500. வண்டி அதை ஒரு காலைப்பொழுதில் கிளறிவிடும். சந்தை அப்படி வாங்காது. சேலம் பக்கம் கதை வேறு. அங்கே கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. லாரி கணக்கில் ஏற்றி, உடனே அரைத்துவிடுகிறார்கள். ஒடிந்தாலும் பெரிய நஷ்டமில்லை. டிராக்டர் கொழு அங்கே பொருந்தும்.

சிறு விளைக்கு ஏற்றது நெம்புகோல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் அப்படியொரு கைக்கருவி செய்திருக்கிறது. கம்பை ஒரு அடி விட்டு வெட்டிவிட்டு, மூட்டைக் கவ்விப் பிடித்து, நீண்ட பிடியால் நெம்பினால் கிழங்கு கொத்தோடு எழும்பும். இன்றைக்கு இருபது என்றால் இருபதோடு நிறுத்தலாம், டீசல் வேண்டாம்.

அதற்காகப் பழைய டில்லரை ஆக்கருக்குப் போட வேண்டியதில்லை. விளையை மொத்தமாக வியாபாரிக்கு விலை பேசிவிட்டாலோ, அடுத்து ஏத்தன் வாழை வைக்க நிலத்தை ஒழிக்க வேண்டியிருந்தாலோ, அதற்கு வேலை உண்டு. ஆனால் அப்போது குவியல் கூடாது; நீள வரப்புப் பிடித்து, வரிசையாக, ஓரத்தில் வண்டி திரும்ப இடம் விட்டு நட்டிருக்க வேண்டும். பறிப்பது வண்டியா கையா என்பதைப் பத்து மாதம் முன்னால், கம்பு ஊன்றுகிற அன்றைக்கே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.