வேரில் ஒரு சிவப்பு

டெல்டாவில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் முன்னால், நிற்கிற கதிருக்குள்ளேயே உளுந்து தெளிப்பது வழக்கம். மண் மெழுகுப் பதத்தில் இருக்கவேண்டும். அதற்கு முந்தின நாள் அத்தை விதைக்கென்று தனியாகக் கஞ்சி காய்ச்சுவாள். ஆறிய கஞ்சியில் 'கறுப்பு மருந்து'ப் பொட்டலத்தைக் கொட்டி, உளுந்தைப் புரட்டி, தாழ்வாரத்து நிழலில் சாக்கு விரித்துப் பரப்புவாள். கறுப்பு வெறும் நிலக்கரித் தூள்தான். அதில் குடியிருந்த ரைசோபியம் பாக்டீரியாவைப் பற்றி அத்தைக்குத் தெரிந்தது ஒன்றே: வெயில் பட்டால் செத்துப்போகும்.

பூக்கிற சமயத்தில் செடியைப் பிடுங்கினால் வேரில் மணிமணியாய் முடிச்சுகள். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தச் சிவப்புக்குப் பங்காளி அது. லெக்ஹீமோகுளோபின் என்று பெயர். காற்றின் நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்கும் நொதி, ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். பாக்டீரியா மூச்சுவிடவோ அதே ஆக்சிஜன் வேண்டும். எண்ணெய்க் கிண்ணத்தைத் தன் கையிலேயே வைத்திருக்கும் மாமியார் மாதிரி, இந்தச் சிவப்பு அதைப் பிடித்துவைத்து அளந்து கொடுக்கிறது.

கத்தரி வேரிலும் முடிச்சு உண்டு. அது நூற்புழு வேலை. வேரே வீங்கியிருக்கும், உதிராது. உளுந்து முடிச்சு விரல் பட்டால் கழன்று வரும். இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல செடிக்கு மருந்து வைத்தவர்களும் உண்டு.

நெல்லுக்கு இந்த முடிச்சு கிடையாது. ஆனாலும் எரு அதிகம் காணாத வயல்கள்கூட ஏதோ விளைந்துகொண்டுதான் இருந்தன. தண்ணீர் நிற்கும் வயலில் காலை வழுக்கிவிடும் பாசியைத் திட்டிக்கொண்டே நடந்திருக்கிறோம். அந்த நீலப்பச்சைப் பாசி நெல்வயலுக்கு நைட்ரஜன் சேர்க்கிறது என்று பி. கே. டே 1939இலேயே லண்டன் ராயல் சொசைட்டி இதழில் எழுதிவிட்டார். எங்கள் ஊருக்கு முதலில் வந்து சேர்ந்தது என்னவோ யூரியாதான்.

யூரியா என்றதும் மறுபடி அந்தச் சிவப்பு. மண்ணில் நைட்ரஜன் கொட்டிக்கிடந்தால் உளுந்து முடிச்சு வைக்க மெனக்கெடாது. தன் சர்க்கரையை அள்ளிக்கொடுத்து பாக்டீரியாவை வளர்ப்பானேன்? செடியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காய் முற்றும்போது சிவப்பு போய், பச்சையாகி, முடிச்சு நைந்துவிடும். இருந்தாலும் வேர் வயலிலேயே மக்கட்டும், உளுந்தைப் பிடுங்காமல் அறுக்கலாமே என்று அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன்.

"நீ வந்து குனிஞ்சு அறு. பிடுங்குனா ஒரே இழுப்பு."